கோட்டுப் போட்ட மாப்பிள்ளை

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேனர் கடையில் ஏழு வருஷம் டிசைனராக இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் என் கையால்தான் போகும். முகத்தை வெட்டி எடுப்பது, வெளுக்க வைப்பது, கழுத்துக்குக் கீழே கோட்டு மாட்டிவிடுவது, இதுதான் வேலை. எங்கள் பக்கத்து பேனரில் கோட்டுப் போடாத மாப்பிள்ளை கிடையாது. கழனியிலிருந்து நேராக வந்து போட்டோ கொடுத்தவனுக்கும் கோட்டு உண்டு, டை உண்டு. அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பந்தியில் அப்பளம் வைப்பது மாதிரி அதுவும் ஒரு மரியாதை.

அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தனைப் பழிவாங்கினேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வருத்தப்படுகிறாயா என்று கேட்க நினைப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

கடையில் பாஸ்போர்ட், விசா போட்டோவும் எடுப்போம். மஸ்கட் போவதற்கு முன்னால் விசாவுக்கு போட்டோ எடுக்க வந்தவன் அவன். வெள்ளை பேக்கிரவுண்டு, காது தெரிய வேண்டும். மூன்று தடவை எடுத்தும் மூன்று தடவையும் கண்ணை மூடிவிட்டான். நான் திட்டினேன், அவன் சிரித்தான். போட்டோவை அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தான். அனுப்பினேன். அவன் விமானம் ஏறுவதற்குள் தினமும் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டோம்.

நான் எந்தத் தெரு என்று அவன் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும். ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ, லீவுல வந்து நைனாகிட்ட நானே பேசறேன் என்றான். நம்பினேன். நம்பினேன் என்று எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நாலு வருஷம் போனிலேயே ஓடியது. எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவனுக்கு அங்கே பன்னிரண்டரை, வேலை நடக்கும் கட்டடத்தில் நிழல் தேடி உட்காரும் நேரம். மானிட்டரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு டப்பாவைத் திறப்பேன். துப்பட்டாவுக்குள் இயர்போன். எங்கள் பேச்சில் பாதி "கேக்குதா, தெரியுதா" என்பதுதான். வாயைத் திறந்தபடி அவன் முகம் நின்றுபோகும், அவன் என்ன சொல்ல வந்தான் என்று நான் காத்திருப்பேன், லைன் திரும்புவதற்குள் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்காது. அவனுக்கு நெட் கிடைக்காத நாளில் நான் சந்தேகப்படுவேன். நான் வேலையாக இருந்து எடுக்காத நாளில் அவன் சந்தேகப்படுவான். ஒருநாள் கேமராவைத் திருப்பி கடை முழுக்கக் காட்டு என்றான். காட்டினேன். அதற்கும் சேர்த்துத்தான் பின்னால் கொடுத்தேன்.

இடையில் ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வந்தான். கோட்டைக்குப் போனால் தெரிந்தவன் பத்து பேர் இருப்பான் என்று சீயமங்கலம் குகைக் கோயிலுக்கு வேறு வேறு பஸ்ஸில் போனோம். பாறை நிழலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் பேச்சு வரவில்லை. போனில் அவ்வளவு பேசியவனுக்கு நேரில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சம். கடைசியில் போனை எடுத்து, பக்கத்தில் இருக்கிற எனக்கே மெசேஜ் அனுப்பினான். அழகா இருக்கே என்று. அன்றைக்குச் சிரித்தேன். நேரில் வாய் திறக்காதவன் நைனாவிடம் எங்கே திறக்கப்போகிறான் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவன் போட்டோக்களுக்கு வருகிறேன். அவனுக்கு அங்கே ஏசி காற்று போகிற தகரக் குழாய், டக்ட் என்பார்கள், அதை மாட்டும் வேலை. வீட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருந்தான். அம்மா போட்டோ கேக்குது, கொஞ்சம் நல்லா பண்ணிக் குடு என்று ரூமில் எடுத்ததை எனக்கு அனுப்புவான். மூன்றடுக்குக் கட்டில். அதில் கீழ்க் கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருப்பான். தலைக்கு மேலே கயிற்றில் எட்டுப் பேர் துணி தொங்கும். காலடியில் பெயின்ட் வாளியில் ஊறப்போட்ட துணி. வெயிலில் வெந்து கன்னம் உரிந்திருக்கும். நான் கட்டிலை அழிப்பேன், வாளியை அழிப்பேன், உரிந்த தோலைப் பூசி மூடுவேன். நீலக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் கண்ணாடிக் கட்டடம். கழுத்தும் காலரும் சேரும் இடம்தான் கஷ்டம், தெரியாமல் ஒட்ட ஒரு மணி நேரம் ஆகும். வேறு யாருக்கும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

போன வருஷம் பேச்சு குறைந்தது. முதலில் ஷிப்ட் மாறிவிட்டது என்றான். பிறகு கேம்ப்பில் வைஃபை இல்லை என்றான். அதே நேரத்தில் ஆன்லைனில் இருப்பதை நான் இங்கே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வயசாகுது, வீட்ல மாப்ள பாக்கறாங்க, ஒரு வழி சொல்லு என்று பெரிதாக எழுதி அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்று வந்தது. அதுதான் அவன் கடைசியாக அனுப்பியது. மறுநாள் அவன் டிபி காணாமல் போயிருந்தது. மெசேஜ் அனுப்பினால் ஒரே டிக். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான். நாலு வருஷத்தை முடிக்க அவனுக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

எட்டு மாசம் கழித்து ஒரு காலை, கடை நம்பருக்கு ஒரு போட்டோ வந்தது. மாப்பிள்ளையின் நண்பராம், வரவேற்புக்கு பத்துக்கு எட்டில் பேனர் வேண்டுமாம், பெண் தொண்டூராம். போட்டோவைத் திறந்தேன். நீலக் கோட்டு, சிவப்பு டை, கண்ணாடிக் கட்டடம். நான் ஒட்டிய கழுத்து.

வேறு பெண்ணைக் கட்டுவதைக்கூட விடுங்கள். அந்தப் பெண் வீட்டுக்கு அனுப்பி, பிடித்திருக்கிறது என்று சொல்ல வைத்த படமே நான் செய்தது. என் கையாலேயே அவனை அலங்காரம் பண்ணி அனுப்பியிருக்கிறேன். இப்போது பேனரையும் நானே போட வேண்டும், கீழே "வாழ்க பல்லாண்டு" என்று நானே எழுத வேண்டும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

பேனருக்கு எங்கள் கடையில் டிசைன் மட்டும்தான், பிரிண்ட் திண்டிவனத்தில். வாடிக்கைக்காரருக்கு போனில் மாதிரி அனுப்புவோம். அவர் ஓகே என்றதும் ஃபைல் திண்டிவனம் போகும். மறுநாள் சுருட்டின ரோல் பஸ்ஸில் வரும். கட்டுகிற அவசரத்தில் ரோலை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. நண்பருக்குக் கோட்டுப் படத்தை அனுப்பினேன். சூப்பர்க்கா என்று பதில் வந்தது. திண்டிவனத்துக்குக் கட்டில் படத்தை அனுப்பினேன். வாளியைக்கூட வெட்டவில்லை. எழுத்தில் மட்டும் ஒரு குறை வைக்கவில்லை, தங்க நிறத்தில் போட்டேன்.

வரவேற்பு அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓனருக்கு போன் வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஃபைல் மாறிப்போச்சுண்ணா என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, நீயே வந்து மன்னிப்பு கேள் என்று என்னை வண்டியில் ஏற்றி மண்டபத்துக்கு அழைத்துப்போனார். அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

மண்டப வாசலில் பத்தடிக்கு எட்டடியில் அவன் பனியனோடு உட்கார்ந்திருந்தான். நண்பர்கள் ஏணி போட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது இறுகிக் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சத்தம் கேட்டு அவன் வெளியே வந்தான். நிஜக் கோட்டு போட்டிருந்தான், தோள் அளவு சரியில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேரில் பார்க்கிறேன். அவன் கத்துவான், அடிக்க வருவான், என் பேரைச் சொல்லுவான் என்று தயாராக நின்றேன். அவன் என்னைத் தாண்டி ஓனரைப் பார்த்தான்.

"வுடுங்கண்ணா, அவங்க தெரியாம மாத்திப் போட்டிருப்பாங்க," என்றான்.

அவங்களாம். என்னால் அவனுக்கு வலிக்கக்கூட இல்லை என்றால் நான் எதற்கு வந்தேன்? அந்த நேரம் பார்த்துப் பெண் அழைப்புக் கார் வந்து நின்றது. ஆரத்தித் தட்டோடு அவன் அம்மா வாசலில் காத்திருந்தார்கள். காரைப் பார்க்காமல் அண்ணாந்து பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அவர்களுக்கு நான் யார் என்றே தெரியாது. பேனர் கடைப் பெண் என்று யாரோ சொன்னதும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னா இடம்மா இது? ஆஸ்பத்திரியா? புள்ளைக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துதா?"

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். கண்ணாலேயே கும்பிட்டான். கம்ப்யூட்டர்ல செஞ்சதும்மா, வேற யார் படமோ கலந்துபோச்சு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். எட்டு மாசமாக என்னைப் பார்க்காத கண் இப்போது மட்டும் பார்க்கிறதா என்று எனக்கு ஆங்காரம் வந்தது.

"ஆஸ்பத்திரி இல்லம்மா, அவரு தங்கற ரூமு," என்றேன். அதோடு நிறுத்தவில்லை. எட்டு பேருக்கு ஒரே ரூம் என்றேன். தலைமாட்டுச் சுவரில் இருக்கிற ஏசியிலிருந்து தண்ணி சொட்டுவதால் தலைமாட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு படுப்பார் என்றேன். விடியக்காலை நாலரைக்கு வண்டி வந்துவிடும், டக்ட்டுக்குள் முட்டி போட்டே வேலை செய்வதால் வலது முட்டி வீங்கிக்கொள்ளும், வெள்ளிக்கிழமை லீவில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பார் என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வாசலில் நின்றவர்கள் கிட்டே நெருங்கி வந்தார்கள்.

கார் கதவைப் பிடித்தபடி நின்றிருந்த கல்யாணப் பெண்தான் கேட்டாள். என்னைவிட நாலைந்து வயசு சின்னவளாக இருப்பாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"இவ்ளோ விஷயம் உங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"அவரையே கேளும்மா," என்றேன்.

அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது," என்றான்.

நாலு வருஷம். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு அவன் முன்னால் போய் நின்றார்கள். குரலை உயர்த்தவில்லை.

"யாருன்னே தெரியாதவகிட்ட முட்டி வலிக்குதுன்னு சொல்லிருக்க. பெத்தவகிட்ட ஆபீஸ்ல உக்காந்திருக்கேன்னு சொல்லிருக்க. இன்னாடா இது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் எதற்காக அந்த மண்டபத்துக்குப் போனேனோ அது எனக்குக் கிடைத்துவிட்டது. ஊர் பார்க்க, கட்டப்போகிறவள் பார்க்க, கோட்டுப் போட்டுக்கொண்டு வாயடைத்து நின்றான். மனசு நிறைந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே நிறைந்தது.

அந்த அம்மா மறுபடியும் பேனரிடம் போனார்கள். நண்பர்கள் அதற்குள் ஒரு பக்கத்து முடிச்சை அறுத்துவிட்டதால் அது பாதி தொங்கியது. எட்டிய இடத்தில் அவன் பாதம்தான் இருந்தது. அந்தப் பாதத்தை உள்ளங்கையால் தடவினார்கள். இவ்ளோ நாளா தெரியாம போச்சே, தெரியாம போச்சே என்று தனக்குள் சொல்லிக்கொண்டே தடவினார்கள்.

தெரியாமல் போனதற்கு அவன் வாய் மட்டும் காரணமில்லை. கட்டிலை அழித்தது நான். தோலைப் பூசி மூடியது நான். பெற்றவளுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து காலரையும் கழுத்தையும் ஒட்டினேன், அவனுடைய நிஜ முகம் எனக்கு மட்டும்தான் என்கிற கர்வத்தோடு. இன்னாடா இது என்று அவர்கள் கேட்ட கேள்வி என்னையும் சேர்த்துத்தான்.

பெண் வீட்டார் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது, மறுநாள் காலை தாலி கட்டினான். என்னை அந்த வாரமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதில் எனக்கு வழக்கு இல்லை. அவன் மேல் உள்ள ஆத்திரம் ஒரு துளி குறையவில்லை. இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் பெரிதாகப் பிரிண்ட் போடுவேன். அந்த அம்மாவைப் போன மாசம் கடைத்தெருவில் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு, பேச நினைத்தது போல நின்றார்கள். நான் எதிர்ப்பக்கம் திரும்பி வேகமாக நடந்துவிட்டேன்.