எழும்பாத கார்

சந்தியோகுவுக்குக் கடல் ஒத்துவரவில்லை. குருநகரில் பிறந்த ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வெட்கக்கேடு கிடையாது. தகப்பன் அவனை வள்ளத்தில் ஏற்றிப்போன முதல்நாள், கரையில் நிற்பவர்களின் முகம் தெரியும் தூரத்திலேயே குடலைப் பிடுங்கிச் சத்தியெடுத்தான். அடுத்த முறையும் அப்படியே. "உவனைக் கொண்டுபோற இடத்துக்கு ஒரு மூட்டை ஐஸ் ஏத்தலாம்" என்று தகப்பன் கடற்கரையில் வைத்துச் சொன்னதைக் கேட்டு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் அக்கா மக்டலீன் மட்டும்தான்.

தாய் இறந்தபின் அவனை வளர்த்தவள் அவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும், எதையும் திருத்தமாகச் செய்கிறவள் என்று கோயில் பங்கில் பெயர் எடுத்தவள். கோயில் பீடத் துணிகளுக்குக் கஞ்சி போட்டு மடிப்பது அவளுடைய பொறுப்பு. மடிப்பு ஒரு நூல் விலகினாலும் திரும்ப நனைத்துவிடுவாள். தகப்பனும் கண்ணை மூடியபிறகு, வள்ளத்தையும் வலையையும் விற்றுப் பழைய டற்சன் கார் ஒன்றை வாங்கித் தம்பியின் கையில் திறப்பைக் கொடுத்தாள். தரையில் அவனுக்கு நிகர் ஒருவனும் இல்லை என்பது அவளுடைய எண்ணம். அது வெறும் பாசத்தில் வந்த எண்ணமும் அல்ல. அவன் கிளட்சை விடுவதும் பிரேக்கை அமத்துவதும் ஏறியிருப்பவருக்குத் தெரியாது. குழந்தை மடியில் தூங்கினால் தூங்கினபடியே வீடு போய்ச்சேரும்.

அந்தக் காருக்கு நிரந்தர ஹயர் ஓட்டம் பிடித்துக் கொடுத்தவளும் அவளே. குருநகரிலும் சுண்டிக்குளியிலும் இருந்த ஐந்து ரீச்சர்மார் தெல்லிப்பழைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தார்கள். பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் முடிந்தபிறகுதான் போய்ச்சேரலாம். மக்டலீன் ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டி, அவர்களை ஒரே காருக்குச் சேர்த்தாள். அருமைநாயகி ரீச்சருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, ஆகவே அவ முன்சீட்டில். பாலேஸ்வரி ரீச்சரும் கத்தரீனா ரீச்சரும் ஒருவரோடொருவர் கதைபேச்சில்லாதவர்கள், ஆகவே பின்சீட்டில் அவர்களுக்கு நடுவில் மற்ற இரண்டு பேர். சீட்டுகளில் விரிக்க வெள்ளைத் துவாய்கள் வைத்திருந்தாள். அவற்றை நாள்தோறும் தோய்த்து, நீலம் போட்டு, காலையில் தன் கையாலேயே விரிப்பாள். மற்ற ஓட்டங்கள் கிடைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அந்த வீட்டில் உலை கொதித்தது இந்த ஐந்து பேரை நம்பித்தான்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, கப்பலில் வேலைசெய்த பெரியப்பா மகன் சூசைதாசன் லீவில் வந்தான். யப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் எடுத்த படம் ஒன்று அவனிடம் இருந்தது. தங்களுடையதைப் போலவே ஒரு டற்சன். ஆனால் நிலத்தோடு நிலமாகக் கிடந்தது. ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒரு விரல் போகாது. சந்தியோகு அந்தப் படத்தைப் பார்த்த பார்வை மக்டலீனுக்குப் பிடிக்கவில்லை. மாதா சுருவத்தைக்கூட அவன் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை.

"வயித்துக்குத்து வந்த நாய் குந்தினமாதிரிக் கிடக்கு" என்றாள்.

"உங்களுக்கு இது விளங்காது அக்கா" என்று சூசைதாசன் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், கொழும்பில் ஒருவனுக்கு விற்பதற்காகக் கொண்டுவந்த கட்டை ஸ்பிரிங்குகளையும் அதிர்வு தாங்கும் சொக்குகளையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு நாவாந்துறைப் பக்கம் மெக்கானிக் தம்பிஐயாவின் கராச்சுக்குப் போய்விட்டான். சந்தியோகு காரோடு அவன் பின்னால் போனான்.

பொழுதுபடத் தம்பியைத் தேடிப் போன மக்டலீன் அங்கே கண்ட காட்சி அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வேலைவெட்டி இல்லாத இளந்தாரிகள் காரைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருவன் வெற்றிலையைத் துப்பி, வாயைத் துடைத்த கையாலேயே காரின் கதவைத் தடவினான். கழிவெண்ணெய் தேங்கின மண்ணில் பழைய துவாய் ஒன்று கிடந்தது. அது அவளுடைய துவாய்களில் ஒன்று.

தம்பிஐயா மட்டும் பொறுப்பாகக் கதைத்தார். இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் காஸ் நெருப்பால் வெட்டிவிட்டால் கார் தாழும், செலவும் இல்லை. ஆனால் பழைய சொக் நீளமானது, கார் தாழ்ந்தால் அது உள்ளே அடியில் முட்டி முட்டி எண்ணெய் கக்கிச் செத்துவிடும். அதனால் வெட்டுவதை விட்டுவிட வேண்டும், கட்டை ஸ்பிரிங் போட்டால் அதற்கேற்ற கட்டைச் சொக்கும் போடவேண்டும் என்றார். சூசைதாசனின் பெட்டியில் இரண்டு விதம் இருந்தது. நீலம் பூசியது மெத்தென்று இருக்கும், ஆனால் ஆள் ஏறினால் பதியும். சிவப்பு இரும்பாய் நிற்கும், அதன் சொக்கும் அப்படியே. கட்டை ஸ்பிரிங்கே வேண்டாம் என்பது தம்பிஐயாவின் சொந்த அபிப்பிராயம். அதை அவர் மெல்லிய குரலில் சொன்னார், ஒருவரும் காதில் போடவில்லை.

வேண்டாம் என்று சொல்லத்தான் மக்டலீன் வாயைத் திறந்தாள். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அக்காவிடம் கேட்டுத்தான் மூச்சு விடுகிறவன் என்று இந்தக் கூட்டம் நாளைக்குத் தன் தம்பியைப் பழிக்கும். கடற்கரைச் சிரிப்பு அவளுக்கு மறக்கவில்லை. அதனால் வேறு விதமாகச் சொன்னாள்:

"எதையாவது பூட்டு. ஆனால் ஐஞ்சு ரீச்சர்மார் ஏறினாப்பிறகும் அது பதியக்கூடாது. ரயர் உரஞ்சின சத்தம் ஒருநாள் எனக்குக் கேட்டால், அண்டைக்கே கழட்டுவிப்பன்."

அந்த ஒரு சொல்லில் நீலம் கழிந்தது. சந்தியோகு சிவப்பைத் தெரிந்தெடுத்தான். பூட்டி முடிந்ததும், மக்டலீன் சட்டை தைக்கும் அளவுநாடாவை எடுத்துவந்து மட்காட்டின் உயரத்தை அளந்தாள். ஐந்து இளந்தாரிகளை ஏற்றிவிட்டுத் திரும்ப அளந்தாள். நாடாவில் வித்தியாசம் தெரியவே இல்லை. சொன்னபடி நடந்திருக்கிறது, குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் வீட்டு முற்றத்தில் அந்தக் கார் வந்து நின்றபோது, தன் வீட்டுப் பிள்ளை உடுப்பில்லாமல் சந்தியில் நிற்பதைப்போல அவளுக்குக் கூசியது.

பிறகு தொடங்கின முறைப்பாடுகள். காங்கேசன்துறை வீதியில் அப்போது தார் இருந்த இடத்தைவிடக் குழி இருந்த இடம் கூட. ஒவ்வொரு குழியும் ரீச்சர்மாரின் முதுகெலும்பில் ஏறியது. அருமைநாயகி ரீச்சர் கோயில் வாசலில் மக்டலீனைக் கண்டு, "பிள்ளை, உன்ரை தம்பி இப்ப காரோ ஓட்டுறான், உரலோ இடிக்கிறான்?" என்று கேட்டா. சிரித்துக்கொண்டுதான் கேட்டா. மக்டலீனுக்கு முகம் கறுத்துவிட்டது. இரண்டு மாதம் போய், ஒரு ரீச்சர் லீவு போட்ட நாளில், தானே போய்ப் பார்ப்பது என்று அந்த இடத்தில் ஏறிக்கொண்டாள்.

வழியில் இந்திய ஆமியின் சோதனைச் சென்றி ஒன்று இருந்தது. அங்கே ஒரு வழமை. காரை நிறுத்தி எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோகவேண்டும். வெறும் காரைச் சாரதி மெதுவாக உருட்டிக்கொண்டு வரவேண்டும். அப்பால் போய்த் திரும்ப ஏறலாம். அன்றைக்கு அங்கே புதிய ஆமிக்காரன் ஒருவன் நின்றான். அவன் ஆட்களைப் பார்க்கவில்லை, காரின் பின்பக்கத்தையே பார்த்தான். ஆட்கள் இறங்க இறங்க ஒவ்வொரு காரும் எழும்புவதை அவன் காலையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். இந்தக் காரிலிருந்து ஐந்து பெண்கள் இறங்கினார்கள். கார் எழும்பவில்லை. நிலத்தோடு கிடந்தபடியே கிடந்தது.

அவனுக்கு வேறென்ன தோன்றும்? ஆள் இறங்கியும் எழும்பாத காருக்குள் ஆளைவிடப் பாரமான ஏதோ இருக்கிறது.

விசில் அடித்தான். நாலு பேர் ஓடிவந்தார்கள். டிக்கியைத் திறந்தார்கள், மேலதிகச் சில்லை உருட்டிவிட்டார்கள், பின்சீட்டைப் பிடுங்கி வீதியில் போட்டார்கள். காலையில் விரித்த வெள்ளைத் துவாய்கள் சப்பாத்துக் கால்களுக்குள் மிதிபட்டன. கதவின் உள்தோலை ஒருவன் கத்தியால் கிழித்தான். ரீச்சர்மார் வெயிலில் ஒரு மதிலோடு நிறுத்தப்பட்டார்கள். போகிற வருகிற சைக்கிள்காரர் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் இருந்தார்கள். கத்தரீனா ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா.

காருக்குள் ஒன்றுமில்லை, ஸ்பிரிங் தான் விறைப்பு என்று கையால் காட்டிப் பார்த்த சந்தியோகு, அது விளங்காதுபோகவே, காரின் பின் பம்பரில் ஏறிக் குதித்துக் காட்டினான். கார் அசையவில்லை. அவனுக்கு அது அத்தாட்சி. அவர்களுக்கோ பாரம் இன்னும் கூடிப்போயிற்று. துவக்குகள் நிமிர்ந்தன. அவனை இழுத்து முழங்காலில் இருத்தினார்கள்.

கடைசியில் வயதான ஒருவன், மெக்கானிக் வேலை தெரிந்தவனாக இருக்கவேண்டும், காருக்கு அடியில் புகுந்து பார்த்தான். வெளியே வந்து ஸ்பிரிங்கைப்போலக் கையைச் சுற்றிச் சுற்றி ஏதோ சொன்னான். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் சந்தியோகுவின் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனான். துவக்கைவிட அந்தத் தட்டுத்தான் மக்டலீனை எரித்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச்சேர்ந்தபோது அரைநாள் போய்விட்டது. யாரும் திட்டவில்லை. இறங்கும்போது அருமைநாயகி ரீச்சர், "மக்டலீன், நாளையிலையிருந்து நாங்கள் பஸ்ஸிலை போறம், குறை நினையாதை" என்று மட்டும் சொன்னா. பாலேஸ்வரி ரீச்சர், வீதியில் போட்ட சீட்டிலிருந்து சேலையில் ஒட்டின கழிவெண்ணெயைச் சுரண்டிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தா.

வெறும் கார் திரும்பி வந்தது. கிழிந்த கதவிலிருந்து பஞ்சு பறந்தது. மருதனார்மடத்தைத் தாண்டினார்கள்.

"நீங்கள்தானே அக்கா பதியக்கூடாது எண்டு சொன்னனீங்கள்" என்றான் சந்தியோகு.

"ஓம், சொன்னனான். எழும்பவும் கூடாதெண்டு சொன்னனானோ? கொப்பற்றை வள்ளத்தை வித்து உனக்குக் கால் தந்தன். நீ அதை முடமாக்கிப்போட்டுக் கண்ணாடியிலை வடிவு பாக்கிறாய்."

அவன் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டான்.

பழைய ஸ்பிரிங்குகள் எங்கே என்று வீட்டுக்கு வந்துதான் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். பக்கத்து வீட்டு அடைக்கலநாதனின் வள்ளம் நங்கூரத்தில் நிற்காமல் இழுபட்டுக்கொண்டிருந்ததாம். பாரத்துக்குக் கட்டும்படி நாலையும் அவனுக்குக் கொடுத்துவிட்டானாம். குருநகரில் கனமான இரும்பு எது கிடைத்தாலும் கடைசியில் கடலுக்குள்தான் போகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் தம்பியும் அதைச் செய்வான் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அடைக்கலநாதன் கடல்தொழிலால் திரும்பி வரும்வரை கடற்கரையில் காத்திருந்தாள். கயிற்றோடு இழுத்துக் கரையில் போட்டபோது, நாலும் பாசியும் சிப்பியும் மொய்த்து, அழுகின மீன்குடல் சுற்றி, கிட்ட நிற்கமுடியாமல் நாறின. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே அவற்றைச் சாக்கில் போட்டாள். தம்பி உதவிக்கு வந்தபோது, "தொடாதை" என்றாள். மண்ணெண்ணெய் ஊற்றி, பொச்சுமட்டையும் மணலுமாக உரஞ்சினாள். கறள் போய் இரும்பு தெரியும்வரை உரஞ்சினாள். உள்ளே பழுதில்லை என்று தம்பிஐயா தட்டிப் பார்த்துச் சொன்னார். பழைய சொக்குகள் அவருடைய குப்பைக்குள்ளேயே கிடந்தன. சிவப்பைக் கழற்றி இவற்றைப் பூட்டுகையில் இளந்தாரிகள் திரும்பவும் வந்து குந்தினார்கள். மக்டலீன் அவர்களுக்கு நேரே ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழும்பிப் போய்விட்டார்கள்.

பிறகு அளவுநாடாவோடும் புதிதாகத் தைத்த சீட்டுத் துணியோடும் ஐந்து வீட்டுக்கும் போனாள். முற்றத்தில் காரை நிறுத்தி, தானும் தம்பியும் ஏறி இறங்கி, கார் எழும்புவதைக் காட்டினாள். பஸ்ஸில் நசிபட்டுக் களைத்த அருமைநாயகி ரீச்சரும் நடுச்சீட்டுக்காரர் இரண்டு பேரும் சம்மதித்தார்கள். பாலேஸ்வரி ரீச்சர் படலையைத் திறக்கவில்லை. கத்தரீனா ரீச்சர் திறந்து, தேத்தண்ணீரும் தந்து, மாட்டேன் என்று சொன்னா.

திங்கட்கிழமை மாலை சந்தியோகு வந்து காரை நிறுத்தினான்.

"சென்றியிலை எழும்பினதோ?"

"எழும்பினது." அவன் வேப்பங்காயைக் கடித்தவன்போல முகத்தை வைத்திருந்தான். "கிழட்டு மாடு மாதிரி எழும்பினது. அவங்கள் பாக்கவும் இல்லை."

மக்டலீன் துவாய்களை எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். மூன்று பேர் இருந்த துவாய்கள்தான் தோய்க்கவேண்டியிருந்தன, மற்ற இரண்டும் மடித்த மடிப்பிலேயே கிடந்தன. அந்த இரண்டு இடத்துக்கும் ஆள் பிடிக்கவேண்டும். கார் போகும் வழியிலுள்ள மல்லாகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ரீச்சர் ஒருத்தி கிட்டவுள்ள கொய்யாத்தோட்டத்தில் வாடகைக்கு இருப்பதாகப் பூசை முடிந்து வரும்போது யாரோ சொல்லியிருந்தார்கள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நல்ல சேலை ஒன்றை மாற்றப் போனாள்.

"கார் எடுக்கட்டோ அக்கா?" என்று அவன் கேட்டான்.

"வேண்டாம், நான் நடந்து போறன்."