அத்தனை பேருக்கும் காலை ஐந்தரை

பாறசாலைப் பக்கம் கம்ப்யூட்டர் வந்த புதுசில் நடந்தது இது. பழைய புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி நானாகவே புரோகிராம் எழுதக் கற்றிருந்தேன். அந்தத் தெம்பில், எங்கள் கிறிஸ்தவ சபையின் குடும்பப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று வலியப் போய் வாங்கிக்கொண்டேன். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்று சொல்வார்களே, அது எனக்கென்றே சொன்னது என்று அப்போது தெரியாது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மறைந்து எத்தனை வருஷம் ஆனாலும், நினைவு நாள் அந்த வாரத்தில் வருகிறவர்களின் பெயர்களை ஆராதனையில் வாசிப்பார்கள். பெரும்பாலும் மூன்று பேரோ நான்கு பேரோ இருப்பார்கள். அந்தப் பட்டியல் தானாக அச்சாகி வரவேண்டும் என்பது என் ஆசை. தேதியையும் நேரத்தையும் விநாடிகளாக மாற்றி வைத்தேன். அந்தக் கணக்கு 1970 பிறந்த நொடியில், பூஜ்யத்தில் தொடங்கும். கிரீன்விச் நேரப்படி அது நடு இரவு, நமக்குக் காலை ஐந்தரை. அதற்கு முந்தைய நாளெல்லாம் மைனஸில் வரவேண்டும். என் புரோகிராமுக்கு மைனஸ் தெரியாது. அதையும், தேதி எழுதாமல் விட்ட இடத்தையும் சேர்த்துப் பூஜ்யமாக்கி வைத்திருந்தது.

இன்னொரு பிழையும் செய்தேன். ஒவ்வொரு பெயருக்கும் 'உயிரோடு', 'மறைவு' என்று இரண்டே கட்டம். எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் கணவர், ஐம்பதுகளில் எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊரெல்லாம் கூட்டம் நடந்த காலத்தில் போலீசுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர். திரும்பவில்லை. மாமி அவருக்கு அடக்க ஆராதனை நடத்த ஒருநாளும் சம்மதித்ததில்லை. நானோ, இத்தனை வருஷம் கழித்து இனி எங்கே வரப்போகிறார் என்று 'மறைவு' கட்டத்தில் போட்டேன். தேதியை விட்டுவிட்டேன்.

முதல் பட்டியல் புது வருஷ விடியற்கால ஆராதனைக்கு. ஆராதனை நடத்தும் உபதேசியார் காகிதத்தை விரித்தார். மடிப்பு மடிப்பாக விரிந்து அது தரையைத் தொட்டது. ஒரு பெயர், பிறகு "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை". அடுத்த பெயருக்கும் அதே நாள், அதே நேரம். அதற்கடுத்த பெயருக்கும். பெரியம்மையில் போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், நெய்யாற்று வெள்ளத்தில் போனவர்கள், எல்லோரும் ஒரே நொடியில் செத்ததுபோல. நடுவில் நிறுத்த உபதேசியாருக்கும் தோன்றவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை. அப்போதுதான் மாமியின் கணவர் பெயரை வாசித்தார். மாமி முன்வரிசையில் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

வெளியே வந்ததும் "எலே, ஊரையே ஒரே மணிக்குக் கொன்னுட்டியே" என்று கேலி பேசினார்கள். நான் தலையைக் குனிந்து வீட்டுக்குப் போனேன்.

மத்தியானம் மாமி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உன் பெட்டி அந்த நேரத்தை எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் கேட்டார். பூஜ்யக் கதையைச் சொன்னேன். ஒன்றும் எழுதாமல் விட்டால் அது தானாக வரும், அதற்கு அர்த்தமே இல்லை மாமி என்றேன்.

மாமி மெதுவாகச் சொன்னார்.

"மூணு தட்டு தட்டுவேன், வேற யாரு தட்டினாலும் தெறக்காதேண்ணு சொல்லிட்டாக்கும் அவரு போனது. எழுபது பிறந்த அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், ஆராதனைக்குப் போவல்ல. வெளுப்பாங்காலம் அஞ்சரைக்கு மூணு தட்டு கேட்டுது. இத்தன வருஷம் கழிஞ்சு யாரோண்ணு பயமா போச்சு. தெறக்கல்ல. வெட்டம் வந்து விடிஞ்சப்பொறவு பார்த்தா முற்றத்தில ஆளில்ல. இத நான் ஒருத்தருட்டயும் சொன்னதில்ல மக்கா. ஒண்ணும் எழுதாத இடத்தில, எனக்கு மட்டும் தெரிஞ்ச நேரம் எப்பிடி வரும்?"

அர்த்தமே இல்லை என்று இரண்டாவது தடவை சொல்ல வாய் வரவில்லை.

எழுந்து போகும்போது, "செத்தவங்களுக்க கூட்டத்தில அவரு வேண்டாம். தெரியாதுண்ணா தெரியாதுண்ணு எழுது" என்றார்.

அன்றைக்கே மைனஸைச் சரிசெய்தேன். 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். கடைசிவரை அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றுதான் இன்றும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் விடியற்காலையில் யாராவது கதவைத் தட்டினால், மூன்றாவது தட்டுக்கு முன்பே எழுந்துபோய்த் திறந்துவிடுகிறேன்.