வேலியோரத்துப் பம்புத் தொட்டிகள்

முதல் தொட்டி ஓர் ஓட்டைப் பம்பு. வார்க்கும்போது காற்றுக்குமிழி புகுந்து, அடிப்புறத்தில் கட்டைவிரல் நுழையுமளவு துளை விழுந்துவிட்ட வார்ப்பிரும்பு உடல். உதவாது என்று அதன்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டவன் நான். சூலூர்ப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் அப்போது எனக்குத் தரப் பரிசோதகர் வேலை. எங்கள் மோல்டிங் மேஸ்திரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங் கண்ணு, தொட்டின்னா அடியில ஓட்டை வேணுமல்லங்க? இதுல தானா உழுந்து கெடக்குது. நான் எடுத்துக்கட்டுங்களா?”

“எடுத்துக்கோங்க மேஸ்திரி” என்றேன். பின்னால் எனக்கு வசதியாக மறந்துபோனது இந்தப் பதில்தான்.

பவுண்டரிக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி. அதன் ஓரமாக இரண்டு வருடத்தில் பதினேழு தொட்டிகள் சேர்ந்தன. அச்சுக் கட்டும் மோல்டிங் மண்ணில் கரித்தூள்தான் இருக்கிறது, அதில் களைகூட முளைக்காது என்று, தொண்டாமுத்தூரில் இருந்த மகள் வீட்டிலிருந்து மேஸ்திரி செம்மண்ணைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர்களிடம் வாங்கிய திட்டை எங்களிடம் நடித்தே காட்டுவார். சித்திரை வெயிலில் இரும்பு சுட்டு வேர் வெந்துபோகும் என்பதால் தொட்டிகளுக்கு ஈரச்சாக்கு சுற்றினார். இட்லிப்பூ, காசித்தும்பை, பட்டுரோஜா, எது வாடினாலும் வாடாத நித்தியகல்யாணி. உலைச்சூட்டில் நின்றுவிட்டு வருகிறவர்கள் அங்கே போய் டீ குடிப்பார்கள். நானும் குடித்தேன்.

ஒரு விதி இருந்தது. வாங்கும் கம்பெனியின் பெயர் பம்பின் உடலிலேயே எழுத்தாக வார்க்கப்பட்டிருக்கும். ஓட்டை விழுந்ததை யாராவது பூசி அடைத்து அந்தப் பெயரில் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, கழித்த ஒவ்வொன்றையும் சம்மட்டியால் உடைத்து மறுபடி உலையில் போட வேண்டும். உடைத்தாயிற்று என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. பதினேழுக்கும் போட்டிருந்தேன். பூச்செடி வைக்கத்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். மேஸ்திரிக்கு அப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாது.

பம்பு வாங்கும் வடநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பவுண்டரியே வெள்ளையடித்துக்கொண்டது. மேஸ்திரி தன் பங்குக்குத் தொட்டிகளையெல்லாம் பெயர் முன்னால் தெரியும்படி திருப்பிவைத்து, சாக்கை அவிழ்த்து, புடைத்திருந்த எழுத்துகள்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். “விருந்தாளி பேரு பூவோட இருந்தா அவிங்களுக்குச் சந்தோசமா இருக்குமல்லங்க கண்ணு” என்றார். பிரமாதம் மேஸ்திரி என்று தோளில் தட்டினேன். படித்தவன் நான். விதி தெரிந்தவன் நான். எனக்கும் உறைக்கவில்லை.

வந்தவர்கள் பூவைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார்கள். கழித்த சரக்கு முழுசாக ரோட்டோரம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். மானேஜர் எங்கள் பக்கம் திரும்பி, யார் எடுக்கச் சொன்னது என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. நான் விளக்கிவிடுவேன் என்ற நம்பிக்கை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? பேசத்தான் செய்தேன். “எனக்குத் தெரியாதுங்க சார்” என்றேன்.

மேஸ்திரி மானேஜர் பக்கம் திரும்பினார். பிறகு, “நானாத்தானுங்க எடுத்துப்போட்டேன். அவிங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று என்னைக் கைகாட்டினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் வார்த்தவரை அன்று மத்தியானமே கணக்கை முடித்து அனுப்பிவிட முடிவாயிற்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது கூசும்.

இன்று நான்தான் அங்கே மானேஜர். அதே வேலியோரம் காண்டிராக்டர் வைத்த பைபர் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மேஸ்திரி அதற்குப் பிறகு ஒண்டிப்புதூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இதை எழுதுகிற இப்போதும் இல்லை.

அன்று வந்திருந்தவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். தங்கள் கண்முன்னே எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். மேஸ்திரியையே உடைக்கச் சொன்னார் மானேஜர். செடியை மட்டும் பிடுங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டார், நேரமில்லை என்றார்கள். சம்மட்டியை ஓங்கினார். இரும்பு சிதறிய பிறகும் வேர் பின்னிய செம்மண் அப்படியே நின்றது, அவர் கையால் அச்சில் வார்த்ததுபோல. ஒவ்வொன்றையும் காலால் தள்ளிச் சாய்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். பதினேழும் முடிந்தபோது சட்டை நனைந்து, முடியெல்லாம் இட்லிப்பூ ஒட்டியிருந்தது.

உடைத்தாயிற்று என்று பார்க்காமலா கையெழுத்துப் போட்டாய் என்று மேஸ்திரி முன்னாலேயே என்னைத் திட்டிவிட்டு, மானேஜர் புதுக் காகிதம் கொடுத்திருந்தார். அதோடு நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சம்மட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு என் முன்னால் வந்தார். அதுவரை கண்ணு என்று மட்டுமே என்னைக் கூப்பிட்டவர்.

“இப்பப் போடுங்க சார் கையெழுத்து. இப்பப் பொய்யில்லீங்க” என்றார்.

போட்டேன்.