வீதி உப்பும் என் ஆய்வுக் கட்டுரைகளும்

பனிக்காலத்தில் ரொறன்ரோ வீதிகளுக்குப் போடும் உப்பு கரைந்து ஓடைகளை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கணவருக்கு எல்லைக்கு அப்பால், டிட்ரோயிட்டில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவார். ஞாயிறு மத்தியானம் திரும்பிவிடுவார். மகள் நடக்கத் தொடங்கியபின், அவர் கிளம்பும்போதெல்லாம் கதவடியில் நின்று அழுதாள். டிட்ரோயிட்டிலேயே ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைக்கும்போல இருந்தது. அபூர்வத் திறமை உள்ளவர்களுக்கான அமெரிக்க நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தேன்.

வழக்கறிஞர் மதுரைக்காரர். என் கட்டுரைகளைப் பார்த்துவிட்டு வீடியோவில் சொன்னார்: "நிறைய எழுதியிருக்கீங்க. ஆனா இதனால உங்க துறையில என்ன மாறிச்சுன்னுதான் குடியேற்ற அதிகாரி கேப்பார். அதிகம் பேர் மேற்கோள் காட்டின கட்டுரையை முன்னாடி வைப்போம்."

அந்தக் கட்டுரையில் நான் பலரில் ஒருத்தி. "அது வேண்டாம். உப்பை ஓடையின்ர அடியில அளக்கிற முறையைப் பற்றி எழுதினதை வைப்பம். அது முழுக்க என்ர வேலை," என்றேன்.

"அதை ரொம்பப் பேர் எடுத்துக்கலையே."

"எடுத்த ஆக்கள் என்ன செய்தவை எண்டு பாத்துச் சொல்லுறன்."

அதை மேற்கோள் காட்டிய எல்லாவற்றையும் தேடி வாசித்தேன். பெரும்பாலும் ஒரு வரியில் என் பெயர் வந்துபோனது. மனம் சோர்ந்தது. பிறகு ஒரு நோர்வேக் கட்டுரை அகப்பட்டது. நான் ஒருநாளும் சந்தித்திராத ஒரு பெண் என் முறையால் அளந்து பார்த்திருந்தார். அதன்பின் அவருடைய நகரசபை உப்பைக் குறைத்திருந்தது. அவருக்கு எழுதினேன். "மேல்தண்ணீரை மட்டும் அளந்திருந்தால் எங்களுக்கு எதுவுமே தெரிந்திராது" என்று பதில் வந்தது. என் அளவுமுறைக் கட்டுரையையே முன்னால் வைத்து, அந்தப் பதிலையும் சேர்த்து விண்ணப்பத்தை அனுப்பினோம்.

இன்னும் ஆதாரம் வேண்டும் என்று அதிகாரி கேட்டார்.

"விட்டிடுவமே?" என்றார் கணவர். அவர் குரலில் களைப்பு.

"இல்லை. அதிகாரிக்கு விளங்கேல்லை. விளங்கிற மாதிரிச் சொல்லுறன்."

முன்பு எப்படி அளந்தார்கள், எங்கே பிழை வந்தது, என் கட்டுரைக்குப் பிறகு யார் எதை மாற்றினார்கள் என்று, ஓடையே பார்க்காத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதினேன். வழக்கறிஞர் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.

முடிவைச் சொல்ல அவர் எனக்குப் போன் எடுத்தபோது நான் இடுப்பளவு தண்ணீரில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். "அப்ரூவ் ஆயிடுச்சு" என்றார். அப்படியே நின்றபடி கணவரைப் போனில் கூப்பிட்டேன்.

"உண்மையாவோ?"

"ஓம். இனி நாங்கள் அங்க வாறம்."

அவர் அழுதார். எனக்குக் கால்கள் விறைத்துப்போயிருந்தன. ஆனாலும் இந்த ஓடையை விட்டுக் கரையேற மனம் வரவில்லை.