பொங்கோலுக்குப் போகாத பதினோரு பொட்டலம்

வாடிக்கையாளர் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வராதவர்கள்தான் மென்பொருள் தொழிலுக்கு வருகிறார்கள். என்னோடு குப்பை கொட்டும் சக பாவிகளுக்கு இது புரியும்.

அக்கா கேட்டதும் நான் போட்டதும்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் செல்வராணி அக்கா, கட்டுமானத் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டி அனுப்புகிறார். பெயர், வேலை நடக்கும் சைட், சைவமா மீனா என்று அவர்களே போனில் பதிய ஒரு சின்னச் செயலி கேட்டார். சாதாரண டேட்டாபேஸ் ஒன்று போதும். நானோ புதிதாகக் கற்ற மிதப்பில், ஒரே தகவலை மூன்று கணினிகளில் பிரித்துப் பாதுகாக்கும் டேட்டாபேஸைப் போட்டேன். ஒன்று படுத்தாலும் மற்றவை தாங்கும் என்று அரைமணி நேரம் விளக்கினேன்.

அக்கா சாம்பார் வாளியை மூடிவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. பொங்கோல் சைட்தான் எனக்குப் பெருசு. ஒருநாள் சாப்பாடு தவறினா வேற கடைக்குப் போயிடுவாங்க."

முதல் பக்கம்

செயலியை அந்த டேட்டாபேஸோடு இணைக்க ஒரு பகல் முழுக்கப் போராடினேன். நெட்வொர்க்கைத் திட்டினேன், கடவுச்சொல்லை நான்கு முறை மாற்றினேன். பக்கத்து மேசை பிரேமா வந்து பார்த்தாள். பழைய பழக்கத்தில் வேறு டேட்டாபேஸின் போர்ட் (இணைப்பு வாசல்) எண்ணைக் கொடுத்திருந்தேன்.

"ரவி, டாக்குமென்டேஷன் முதல் பக்கத்துலயே இருக்கு லா."

பச்சை டிக்

இந்த வகை டேட்டாபேஸில் பலர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் மாற்றினால், சிலரை ஏற்காமல் "மறுபடி அனுப்பு" என்று திருப்பிவிடும். மறுபடி அனுப்புவது நம் வேலை. நான் அதை எழுதவில்லை. அதைவிட மோசம், சிவப்பில் பிழை வந்தால் என் மானம் போகும் என்று, என்ன நடந்தாலும் பச்சை டிக் வரும்படி செய்துவைத்தேன். என் லேப்டாப்பில் நான் ஒருவனே சோதித்ததால் எல்லாம் அமோகமாக ஓடியது.

திங்கட்கிழமை காலை பொங்கோலில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆர்டர் பட்டனை அமுக்கினார்கள். ஒவ்வோர் ஆர்டரும் அந்த சைட்டின் ஒரே மொத்த எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டும். அப்படித் திருப்பிவிடப்பட்ட பதினோரு பேருக்குச் சாப்பாடு போகவில்லை. அவர்கள்தான் அமுக்க மறந்திருப்பார்கள் என்று அக்காவிடம் கூசாமல் சொன்னேன். அவரும் நம்பி, முருகேசன் என்ற தொழிலாளியை போனில் கடிந்துகொண்டார்.

ஸ்பீக்கரில் முருகேசன் குரல் கேட்டது: "டிக் வந்துச்சுக்கா. போட்டோ அனுப்புறேன், நீங்களே பாருங்க."

பொங்கோலில்

அந்தப் படத்தில் நான் போட்ட பச்சை டிக் இருந்தது. மறுபடி அனுப்பும் வரிகளை எழுதிச் சேர்த்துவிட்டு, மறுநாள் அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்ற? பட்டினி கெடந்தவங்ககிட்ட சொல்லு" என்று சாப்பாட்டு வேனில் ஏற்றிவிட்டார்.

பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று, தவறு என்னுடையது, பொய் டிக் போட்டதும் நான்தான் என்றேன். யாரும் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. முருகேசன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஆர்டர் ஏறலைன்னு காட்டியிருந்தா இன்னொருவாட்டி அமுக்கியிருப்பேன் சார். அவ்ளோதானே."

பொங்கோல் சைட் இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. ஆனால் டேட்டாபேஸ்கூட ஏற்காததை ஏற்கவில்லை என்றுதான் சொன்னது; அந்த ஏற்பாடு முழுவதிலும் பொய் சொல்லத் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.