மூணாம் செலக்‌ஷன்

டிவியில் மாமனார், போலீஸ், செத்துப்போன பெரியப்பா எல்லாம் செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான். குறை ஒன்றும் இல்லை.

முன்பு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் செலக்‌ஷன் மேஜையில் நின்றேன். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, கட்டைவிரலால் தேய்த்து, உண்ணிக்கடி, முள் கீறல் பார்த்து, முதல், இரண்டாம், மூணாம் செலக்‌ஷன் என்று தரம் பிரிக்க வேண்டும்; மூணாவதுதான் கடைசி. வாங்க வந்தவர் நம் முகத்தையே பார்ப்பார். அதில் ஒன்றும் தெரியக் கூடாது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு சர்ச் நாடகத்தில் ராஜா வேஷம். வசனம் மறந்துவிட்டது. சும்மா நின்றேன். ஜனம் சிரித்தது. ஊரில் தன் மாமியார் வீட்டுக்கு வந்திருந்த டிவி டைரக்டர் ஒருவரும் சிரித்தார். சென்னைக்குக் கூப்பிட்டார். டேனரி வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

அங்கே அவர் எடுத்தது காமெடி தொடர். நான் பெண்ணுக்கு அப்பா. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, "பையனப் புடிச்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். ஆறு டேக் போனது. சிரிப்பு வரவில்லை.

டைரக்டர் பக்கத்தில் வந்தார். "அண்ணே, பேஜார் பண்ணாதீங்க. இன்னும் ஒரு தடவதான். வரலன்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

ஊரில் என் இடத்துக்கு ஆள் வந்தாகிவிட்டது. திரும்பிப் போனால் வேலை இல்லை.

மறுபடி எடுத்தார்கள். மாப்பிள்ளை எதிரே நின்றான். விளக்கு அவன் மேல் நன்றாக விழுந்தது. நான் வசனத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கை அதுபாட்டுக்குப் போய் அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பியது. கன்னத்தைத் தேய்த்தது. ஒரு பழைய தழும்பு இருந்தது.

"மூணாம் செலக்‌ஷன்," என்றேன். "ஷூவுக்கு உள்பக்கம் போடலாம்."

"சார், நான்தான் சார் ஹீரோ," என்றான் அவன்.

கேமராக்காரர் சிரிப்பில் குலுங்கினார். டைரக்டர் கட் சொல்லவில்லை.

"தப்பாய்டுச்சு சார். நான் ஊருக்குக் கெளம்பறேன்," என்றேன்.

"எங்க கெளம்பறீங்க? அந்த வசனத்தத் தூக்கியாச்சு. நாளைக்கும் வாங்க. ஆனா ஒண்ணு, இனிமே நீங்க சிரிக்கவே கூடாது."

"எத்தன மணிக்கு சார்?"

அதற்கும் சிரித்தார்கள். நான் காலை ரயிலைப் பிடிப்பதற்காகத்தான் கேட்டேன்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"இன்னா ஆச்சு?" என்றாள் மனைவி.

"சிரிக்கவே கூடாதுன்னுட்டாங்க."

"அப்போ வேலை கெடச்சுடுச்சு," என்றாள்.