பின்சக்கரத்து மட்கார்டு

மலாயாவில், இந்தத் தைப்பிங்கில் மழை சாயங்காலத்தில்தான் வரும். ஈயச் சுரங்கத்தில் சங்கு ஊதி, நாங்கள் சைக்கிளை எடுக்கும் நேரம் பார்த்து மலைப்பக்கத்திலிருந்து இறங்கும். இங்கே யாரும் அதற்காக ஒதுங்கி நிற்பதில்லை. நான் வந்த புதிதில் ஒரு நாள் அப்படி நனைந்துகொண்டே போகிறேன். என்னோடு பம்ப் கொட்டகையில் வேலை செய்யும் ஆ லியோங் என்ற சீனன் பின்னால் வந்தான். காற்று எதிரே அடித்ததால் என் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் வந்து, என் முதுகு மறைவில் மிதித்தான். என் சக்கரம் வாரி இறைத்த சேற்றுத் தண்ணீர் அவன் நெற்றியிலும் வாயிலும் விழுந்துகொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தேன். சாலை ஓரத்தில் இறங்கி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு அப்போது தெரிந்த மலாய் வார்த்தைகளில் ஒன்றான ‘மாஃப்’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மன்னிப்பு என்று அதற்குப் பொருள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மழைக்கு இவன் ஏன் மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்திருப்பான். ஏதோ திட்டிவிட்டு, வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டு, இனி தன் முறை என்பதுபோல் எனக்கு முன்னால் போய் மிதித்தான். அடுத்த சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பொருள் பின்சக்கரத்துக்கு ஒரு மட்கார்டு.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களில் சிலருக்கு நான் ஏன் அப்படி மன்னிப்புக் கேட்டேன் என்பது சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் நான்காம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவன். எழுதினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

விழுப்புரத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மண்டி ஒன்றில் நான் ஆளாக இருந்தேன். விலைச் சீட்டை எடுத்துக்கொண்டு திண்டிவனம் மண்டிக்குப் போய், பதில் சீட்டோடு திரும்ப வேண்டும். மண்டி சைக்கிளில் அந்த ரோட்டில் போய் வந்தே கால் உரமேறிவிட்டது. ரெயில்வேயில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் இருந்தார். சைக்கிள் பைத்தியம். அவர் பேச்சில்தான் ஊரில் சைக்கிள் கிளப் உண்டாயிற்று. மண்டிக்காரர் மகன் ரங்கநாதன் அதற்குக் கேப்டன். அவரை நாங்கள் சின்னய்யா என்போம். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒருவர், அப்புறம் நான். கிளப்பில் என்னைச் சேர்த்தார்கள் என்று சொல்வது சரியில்லை. என் கால்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, பக்கத்து ஊர்க்காரர்களையும் சேர்த்து ஒரு பந்தயம் வைத்தார் அந்த எஞ்சினீயர் துரை. ஹேண்டிகேப் ரேஸ் என்று பெயர். எல்லாரையும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. பலம் குறைந்தவர்களை முதலில் விடுவார்கள், அடுத்து நடுத்தரமானவர்களை, பலசாலிகளைக் கடைசியில். இளைத்தவனுக்கு முன்னால் இடம் கொடுத்து எல்லாரையும் சமமாக்குகிற ஏற்பாடு. அதை முதன்முதலில் கேட்டபோது, இப்படி ஒரு நியாயத்தை ஒருவன் யோசித்து வைத்திருக்கிறானே என்று மலைத்துப்போனேன். அந்த நியாயம் சைக்கிளுக்கு மட்டும்தான் என்பது பிறகு புரிந்தது. நாங்கள் மூவரும் கடைசிக் கும்பல். முன்னால் போனவர்களைத் தனியாளாக யாரும் எட்டிப் பிடிக்க முடியாது. ஒருவன் முன்னால் நின்று காற்றை உடைக்க, மற்றவர்கள் அவன் மறைவில் களைப்பாற, முறை மாற்றிக்கொண்டே போனால்தான் முடியும். ஐப்பசியில் அந்த ரோட்டில் திண்டிவனம் பக்கம் போகிறவனுக்குக் காற்று நேர் எதிரே அடிக்கும்.

முதலில் வருகிறவன் வேலை வேண்டும் என்றால் லோகோ ஷெட்டில் எடுத்துக்கொள்வேன் என்று துரை சொல்லியிருந்தார். வேலையோடு ரெயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. அந்த வரிசை வீடுகளை நான் தினமும் பார்த்துக்கொண்டு போவேன். எல்லாக் கதவும் ஒரே பச்சை. யார் வீடு எது என்று நம்பரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், தெருவைப் பார்த்துச் சொல்ல முடியாது. சேரியில் பிறந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கப் போவதில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் சின்னய்யா மண்டியில் என்னைக் கூப்பிட்டார்.

“டேய் ஏழுமல, கப்பு நம்ம கிளப்புக்கு வரணும். கூட்டேரிப்பட்டு வரிக்கும் நீ காத்த ஒடச்சிக்கினு போ. அப்பாலிக்கு நாங்க ரெண்டு பேரும் முன்னால மெரிச்சி உன்ன இட்டுக்கினு போறோம். ஏரிக்கரை வந்ததும் நீ பூந்து போயிடு. கப்பு கிளப்புக்கு, வேல உனுக்கு. இன்னா?”

“சரிங்க சின்னய்யா.”

“பெருசா வெள்ளக்காரன் மாதிரி தலய மட்டும் ஆட்டாத. கால ஆட்டுடா.”

டிரில் மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்திருக்கும்.

விடிந்தபோது மழை. ஸ்டேஷன் வாசலில் எல்லாரும் எடை குறைய வேண்டும் என்று மட்கார்டுகளைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். நானும் கழற்றியிருந்தேன். முதல் கும்பல் போய், இரண்டாவது கும்பலும் போய்விட்டது. அப்போது டிரில் மாஸ்டர் சின்னய்யாவின் காதில் ஏதோ சொன்னார். சின்னய்யா தரையில் தேங்கிய தண்ணீரையும் என் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏழுமல, மட்காட்ட மாட்டிக்கோ.”

“வெயிட்டுங்களே சின்னய்யா…”

“மூட்ட கட்டிக்கினு போறவனுக்கு மட்காடு வெயிட்டா? முன்னாடி வேணாம். பின்னாடிக்கு மட்டும் போதும். ஜல்தியா மாட்டு.”

பின்னாடிக்கு மட்டும் போதும் என்றபோது எனக்குப் புரிந்துவிட்டது. நான் உடைக்கிற காற்றில் அவர்கள் மாதக்கணக்கில் சுகமாக வந்தார்கள். காற்றுக்குத் தீட்டு இல்லை. என் சக்கரம் இறைக்கிற தண்ணீர்தான் அவர்கள் மேல் படக் கூடாது. திருகாணிக்கு நேரமில்லாமல் கம்பியைச் சுற்றி மாட்டினேன். துரை வந்து பார்த்துவிட்டு, என் சட்டையைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். சின்னய்யா பதில் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சட்டை அழுக்காகிவிடும் என்று இவன் பயப்படுகிறான் போலிருக்கிறது என்று துரை கேட்டிருக்க வேண்டும். சின்னய்யா ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் இருந்ததே அந்த ஒரு சட்டைதான். அதற்கு முன் எத்தனையோ தடவை அது சேறாகியிருக்கிறது.

மிதித்தேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நடுத்தரக் கும்பலைப் பிடித்துவிட்டோம். எதிர்க்காற்றில் மழை ஊசிபோல் கண்ணில் குத்தியது. நான் ஒரு முறைகூட மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, அவர்களும் முன்னால் வரவில்லை. கூட்டேரிப்பட்டுக்கு முன்பே முதலில் விட்டவர்களில் கடைசி ஆளையும் தாண்டியாகிவிட்டது. இனி எங்களுக்கு முன்னால் வெறும் ரோடு. கூட்டேரிப்பட்டு வந்ததும் பேச்சுப்படி அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். அவர்கள் சக்கரத்துச் சேறு முழுக்க என் முகத்தில். நான் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினேன். மண் பல்லில் நறநறத்தது. குவார்ட்டர்ஸ் கதவின் பச்சை நிறம் கண்ணில் தெரிந்தது.

அங்கே ரோடு ரிப்பேருக்காகக் களிமண் கொட்டி வைத்திருந்தார்கள். மழையில் அது கூழாகிக் கிடந்தது. அவர்களுடைய மொட்டைச் சக்கரங்கள் அதை உதறிவிட்டுப் போய்விட்டன. என் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அப்பி, அப்பி, கடைசியில் சக்கரம் சுற்றாமல் நின்றேவிட்டது. நான் வாழ்க்கையில் உரக்கக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

“சின்னய்யா! சக்கரம் புடிச்சிக்கிச்சி! சித்த இருங்க!”

டிரில் மாஸ்டர் மிதிப்பதை நிறுத்தினார். சின்னய்யா திரும்பிப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். “நீ பின்னால வா. நேரமாவுது, மாஸ்டர் நீங்க வாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு ஆள் இறங்கி ஒரு குச்சியால் தோண்டியிருந்தால் ஆகிற வேலை. ஆனால் அந்தச் சக்கரத்துச் சேற்றை யார் தொடுவது?

மட்கார்டைக் கையால் பிடித்து இழுத்தேன். கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. காலால் உதைத்துப் பிய்த்து வயலில் வீசிவிட்டு ஏறி மிதித்தேன். அதற்குப் பிறகு காற்று, மழை எதுவும் தெரியவில்லை. திண்டிவனம் ஏரிக்கரையில் டிரில் மாஸ்டரைப் பிடித்தேன். அவரைத் தாண்டி முன்னால் போகும்போது என் மொட்டைச் சக்கரம் அவர் முகம் நிறையச் சேற்றை அடித்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. சின்னய்யாவைப் பிடிக்க ரோடு போதவில்லை. அவருக்கு அடுத்ததாகப் போய்ச் சேர்ந்தேன்.

கப்பை வாங்கிக்கொண்டு வந்த சின்னய்யா முதலில் கேட்டது இதுதான்:

“மட்காடு எங்கடா?”

“கயட்டிப் போட்டுட்டேங்க. சேறு அடச்சிக்கினு சக்கரம் சுத்தல.”

“யாரக் கேட்டுக் கயட்டன?”

அதற்குள் டிரில் மாஸ்டர் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். “இவன இட்டுக்கினு வந்ததே பேஜாரு, ரங்கநாதா. பாரு, எம் மேல எச்சத் தண்ணிய வாரி அடிச்சிட்டு போறான். ஊட்டுக்குப் போயி தலமுழுவணும்” என்றார். துரை சின்னய்யாவிடம் வேலை வேண்டுமா என்று கேட்டாராம். மண்டி இருக்கும்போது தனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டாராம். அந்த வேலை யாருக்கும் போகவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. யாராவது வாங்கிக்கொண்டிருந்தால்கூட மறந்திருப்பேன். மறுநாள் மண்டிக்கு வர வேண்டாம் என்றார்கள். சில மாதங்களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று மலாயாத் தோட்டங்களுக்கு ஆள்கட்டுகிறவன் சொன்னான். அது எனக்கு முன்பே ஏறி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் அதற்குத் தனி லயமும் கிணறும் இருந்தன. அதனால்தான் சீனன் சுரங்கத்துக்கு ஓடி வந்தேன்.

நடுவில் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் சைக்கிளிலேயே வந்து இறங்கி, எங்கள் சைக்கிள்களையும் பிடுங்கிக்கொண்டான். யுத்தம் முடிந்து வேறு சைக்கிள் வாங்கியபோதும் பின்சக்கரத்துக்கு மறக்காமல் மட்கார்டு போட்டேன். இப்போது ஊருக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. அதைக் கொண்டாட இங்கேயுள்ள தமிழர்கள் ஒரு சைக்கிள் பந்தயம் வைக்கிறார்கள். ஹேண்டிகேப் ரேஸ்தான். ஆ லியோங் எனக்குச் சொல்லாமலே இருவர் பெயரையும் கொடுத்துவிட்டான். பெயர் எழுதிக்கொண்டிருந்த கிராணி, அதாவது குமாஸ்தா, திருவெண்ணெய்நல்லூர்க்காரர்.

“விழுப்புரமுங்களா? அட, நம்ம பக்கம்! விழுப்புரத்துல எங்கிங்க?”

“ஸ்டேஷன் பக்கங்க.”

“ஸ்டேஷன் பக்கம்னா? கெயக்கயா, மேக்கயா? எந்தத் தெருவு?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் வாயிலிருந்து தானாக வந்தது: “ரெயில்வே குவார்ட்டர்ஸுங்க.”

“அப்புடி சொல்லுங்க!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தேநீர் வந்தது. நான் ஒரு நாள்கூடக் குடியிராத அந்தப் பச்சைக் கதவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் குடித்தேன். “என்னையும் உங்க கும்பல்லியே போட்டிருக்காங்க. நீங்க முன்னால காத்த ஒடைங்க, நான் பின்னாலியே ஒட்டிக்கினு வர்றேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வானம் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நேற்று ஆ லியோங் ஸ்பானரோடு வந்து, என் மட்கார்டைக் காட்டி, இதைக் கழற்று என்றான். நான் ஸ்பானருக்குக் கை நீட்டவில்லை. “தாக்குட் கோத்தோர்?” என்று கேட்டான். அழுக்குக்குப் பயமா என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் அந்தத் துரையைப் போலவே சிரித்தான். ஆனால் ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரு பக்கத்துத் திருகாணியைக் கழற்றினேன். பின்னால் வருகிறவன் ஆ லியோங் மட்டும் என்றால் இன்னொரு பக்கத்தையும் கழற்றியிருப்பேன். திருவெண்ணெய்நல்லூர்க்காரர் முகமும் அந்தச் சேற்றுக்கு நேரே இருக்கும். யாரைக் கேட்டுக் கழற்றினாய் என்ற குரல், கடல் தாண்டி, யுத்தம் தாண்டி, சுதந்திரத்தையும் தாண்டி வந்துவிட்டது. ஸ்பானரைக் கீழே வைத்தேன். கழற்றிய பக்கத்தைத் திரும்ப முடுக்கவும் கை வரவில்லை. இன்று அப்படியே மிதித்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். வழக்கம்போல் சாயங்காலம் மழை. ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, அந்தத் தகரம் வழி நெடுகிலும் என் முதுகுக்குப் பின்னால் அடித்துக்கொண்டே வந்தது.